படுக்க விடாத தலைவலி

வருவாய் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்காக எழுந்து நின்ற என்னைப் பார்த்து, எதிர்த்தரப்பு வக்கீல் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “என்ன மேடம், அழறீங்களா?”

நான் அழவில்லை. என் இடது கண் மட்டும் அழுதுகொண்டிருந்தது. வலது கண் காய்ந்தே கிடந்தது. இடது மூக்கிலிருந்தும் நீர் வழிந்தது. இடது இமை தானாகப் பாதி இறங்கிவிட்டது. அந்தக் கண்ணுக்குப் பின்னால் இருந்த வலியை எப்படிச் சொல்வது? என் கணவர் செல்வராசு தஞ்சாவூர்க் கரந்தைப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். இரும்பில் பற்ற வைக்கும்போது, வெறுங்கண்ணால் பார்க்க முடியாத ஒரு வெள்ளைப் புள்ளி எரியும். அந்தப் புள்ளியை எடுத்துக் கண்ணுக்குள் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

“ஐயா, கொஞ்ச நேரம் அனுமதி வேணும்” என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டுவிட்டு வெளியே ஓடினேன். ஓடினேன் என்பது மிகையில்லை. வளாகத்து வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். நடந்தும் தாங்காமல் மரத்தில் நெற்றியை வைத்து முட்டினேன். கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண் மரத்தில் முட்டிக்கொண்டு நிற்பதை, வழக்குக்கு வந்தவர்கள் கூட்டமாக நின்று பார்த்தார்கள். முக்கால் மணி நேரம் போயிருக்கும். வலி வந்த வேகத்திலேயே போய்விட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனபோது வழக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வாய்தா போட்டிருந்தார்கள்.

என் பெயர் மலர்க்கொடி. என் அப்பாவும் அம்மாவும் பண்ணையில் கூலி வேலை பார்த்தவர்கள். கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காக அப்பா ஒரு போகம் முழுக்க வேலையில்லாமல் உட்கார வைக்கப்பட்டவர். அவருடைய மகள் சட்டம் படித்து, குத்தகை விவசாயிகளின் வழக்குகளை நடத்துகிறாள் என்பதில் எங்கள் தெருவுக்கே ஒரு பெருமை உண்டு. அப்போது என் கையில் இருந்தது பேராவூரணிக்குப் பக்கத்தில் ஏழு குத்தகைக் குடும்பங்களின் வழக்கு. நிலத்தின் சொந்தக்காரர் சென்னையில் இருந்தார். நிலத்தை மனை போட்டு விற்க வேண்டும் என்றால் குத்தகைதாரர்களை வெளியேற்ற வேண்டும். வெளியேற்ற வேண்டும் என்றால் அவர்கள் குத்தகை நெல் கொடுக்காமல் பாக்கி வைத்ததாகக் காட்ட வேண்டும். அதைத்தான் அவர் செய்திருந்தார். நெல்லை அளந்து வாங்க வந்த அவருடைய காரியஸ்தரே வாங்க மறுத்துத் திரும்பிப் போனார் என்பது எங்கள் வாதம். அந்தக் காரியஸ்தரை நான் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். வழக்கின் உயிரே அதில்தான் இருந்தது.

வலியோ சரியாக நீதிமன்றம் உட்காரும் நேரத்துக்கு வந்தது. முற்பகல் பதினோரு மணி ஆனால் போதும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தாலும் அதே நேரத்துக்கு வந்தது.

முந்தைய இரண்டு வருஷங்களிலும் இதே ஐப்பசி, கார்த்திகையில் இது வந்து, சில வாரம் ஆட்டிவைத்துவிட்டுத் தானாகப் போயிருந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் நான் கடைசியாகச் சாப்பிட்ட மருந்துதான் குணப்படுத்தியது என்று நம்பிவிட்டேன். முதல் வருஷம் சைனஸ் என்றார்கள். மூக்கில் நீர் வந்ததே, வேறென்ன நினைப்பார்கள்! இரண்டாம் வருஷம் பல் என்றார்கள். இடதுபுறம் மேல்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். வலி போகவில்லை என்றதும் பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்கள். மூன்றாம் வருஷம் ஒற்றைத் தலைவலி என்று சொல்லி, விளக்கை அணைத்துவிட்டு இருட்டறையில் அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள்.

படுக்கத்தான் முடியவில்லை. படுத்தால் வலி இரண்டு மடங்காகும். எழுந்து நடக்க வேண்டும், எதையாவது பிடித்து உலுக்க வேண்டும், எதிலாவது முட்ட வேண்டும். அதைப் பார்த்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, “மாதவிடாய் நிக்கிற வயசுல சில பேருக்கு மனசு இப்படித்தான் ஆவும்” என்று என் கணவரிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவர் அதை என்னிடம் சொல்லவில்லை. அவள்தான் பிறகு என்னிடமே சொன்னாள்.

இரண்டாவது வாய்தாவுக்குப் பிறகு கோவிந்தராசு என் அலுவலகத்துக்கு வந்தார். ஏழு குடும்பங்களின் சார்பில் வழக்கைப் பார்த்துக்கொண்டவர் அவர். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்தார்.

“தப்பா நெனைக்காதீங்க வக்கீலம்மா. கேஸ் கட்ட வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“ஏங்க?”

“ரெண்டு தடவ வாய்தா ஆயிருச்சு. ஊர்ல டீக்கடையில ஒரு மாதிரி பேசிக்கிறாங்க. அந்தத் தரப்பு ஒங்கள வெலைக்கு வாங்கிருச்சாம். நான் நம்பல. ஆனா மத்த ஆறு வீட்டுக்காரங்களுக்கு நான் பதில் சொல்லணும்ல?”

அவர் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. நான் எழுந்து அலமாரியிலிருந்து கட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதற்குள் மணி ஆகிவிட்டது. இடது கண்ணில் நீர் கட்டியது. “நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க” என்று சொல்ல நினைத்தேன். அந்தச் சின்ன அறையில் சுவருக்குச் சுவர் நடந்தேன். தலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முனகினேன். அவர் இருப்பதையே மறந்துவிட்டேன். வலி இறங்கியபோது பார்த்தால், அவர் எழுந்து சுவரோரமாக நின்றிருந்தார். துண்டைக் கையில் எடுத்து வைத்திருந்தார். நான் முட்டிய இடத்தில் அந்தத் துண்டை மடித்துச் சுவருக்கும் என் நெற்றிக்கும் நடுவில் கொடுத்தது அவர்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“கட்டு இங்கயே இருக்கட்டும்மா” என்றார். “ஊர்ல நான் பேசிக்கிறேன். நீங்க மொதல்ல ஆஸ்பத்திரியப் பாருங்க.”

அன்று மாலையே செல்வராசு பட்டறையைப் பூட்டிவிட்டு, நரம்பியல் டாக்டர் ரெஜினாவிடம் என்னை அழைத்துப் போனார். பட்டறைக்கு வேலை கொடுக்க வந்த ஒருவர் சொல்லித்தான் அவர் பெயரே எங்களுக்குத் தெரியும். காத்திருக்கும் இடத்தில் உட்கார இடமில்லை. பக்கவாதம் வந்தவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், வலிப்புக்கு மருந்து வாங்க வந்தவர்கள். இவர்களுக்கு நடுவில், வெறும் தலைவலி என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மூளையில் கட்டி என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் அந்தக் கூச்சத்துக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகளின் முகம் மறுபடி மறுபடி வந்தது.

டாக்டர் ரெஜினாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நான் கொண்டுபோன ஸ்கேன், எக்ஸ்ரே எதையும் முதலில் அவர் பார்க்கவில்லை. ஓரமாக வைத்துவிட்டு, “மொதல்லேந்து சொல்லுங்க, நான் குறுக்கப் பேச மாட்டேன்” என்றார். அப்படி ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டதில்லை. நான் சொல்லி முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வலி வர்றப்போ படுப்பீங்களா, நடப்பீங்களா?”

நான் அப்படியே பார்த்தேன். மூன்று வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. “நடப்பேன் டாக்டர். படுக்கவே முடியாது.”

“ஒரு பக்கம் மட்டும்தான? அந்தப் பக்கத்துக் கண்ணுல மட்டும் தண்ணி வரும், இமை இறங்கும். வருஷத்துல அதே மாசம், அன்னன்னைக்கு அதே நேரம். சரியா?”

“சரிதான்.”

“இது ஒற்றைத் தலைவலி இல்லம்மா. ஒற்றைத் தலைவலிக்காரங்க அசையாமப் படுத்துக்குவாங்க. இதுக்குக் கிளஸ்டர் தலைவலின்னு பேரு. தமிழ்ல கொத்துத் தலைவலின்னு சொல்லலாம். கொத்துக் கொத்தா சில வாரம் வரும், போயிரும், மறுபடி வரும். மனுஷனுக்கு வர்ற வலியிலேயே கடுமையான ஒண்ணு. ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம். அதனாலயே பொம்பளைங்களுக்கு வந்தா யாருக்கும் தோணுறதில்ல.”

அந்த நிமிஷம் நான் என்ன உணர்ந்தேன் என்று எழுத முயன்றால் எப்போதும் சரியாக வருவதில்லை. நோய் இருக்கிறது என்று கேட்டு மனிதர்கள் சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன். செல்வராசு என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் முன்னால் அவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

இதே மாதிரி வலியை வேறு ஏதாவது கோளாறு உண்டாக்குகிறதா என்று பார்க்க வேண்டும், புது மருந்து ஒன்றை இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே ஏற்ற வேண்டும், வலி வரும்போது நேரில் பார்க்கவும் வேண்டும் என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் அவரே சேர்த்தார்.

எம்.ஆர்.ஐ. எடுக்கும் குழாய்க்குள் போவதற்கு முன் என் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். செல்வராசு அதைத் தன் சட்டைப் பையில் வைத்து, பையைப் பொத்திப் பிடித்துக்கொண்டே வெளியில் நின்றார். உள்ளே சத்தம் பட்டறையைவிட மோசம். மூளையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கிற இயந்திரம் அது, வலிக்காது என்று சொல்லியிருந்தார்கள். வலிக்கவில்லை. ஆனால் உள்ளே இருக்கும்போது தாக்குதல் வந்தால் என்ன செய்வது என்ற நினைப்பே போதுமாக இருந்தது. நல்லவேளை வரவில்லை. மூளையில் கட்டியும் இல்லை.

மறுநாள் முற்பகல் வார்டில் வலி வந்தது. நான் கட்டிலை விட்டுக் குதித்து நடக்க ஆரம்பித்தேன். பக்கத்துக் கட்டிலில், கால் மரத்துப்போய் சிகிச்சைக்கு வந்திருந்த ஒரு அம்மா பயந்துபோய், “சிஸ்டர், சிஸ்டர்!” என்று கத்தினார். டாக்டர் ரெஜினா வந்து, முதலில் என் கண்ணைப் பார்த்தார், இமையைப் பார்த்தார், பிறகு நர்ஸிடம் ஆக்ஸிஜன் கொண்டுவரச் சொன்னார். பை தொங்கும் முகமூடியை என் முகத்தில் இறுக்கிப் பொருத்தி, வேகத்தை நன்றாகத் திறந்துவிட்டார்.

“முன்னாடி சாஞ்சு உக்காந்துக்குங்க. ஆழமா இழுங்க. நானும் ஒங்ககூட இங்கதான் இருக்கேன்.”

உட்காரவே முடியாதவள் உட்கார்ந்தேன். அவர் என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, என்னோடு சேர்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டார். கால் மணி நேரம் ஆகியிருக்காது. வெள்ளையாக எரிந்த புள்ளி சிவந்தது, மங்கியது, அணைந்தது. தானாகப் போவது வேறு. இது ஒருவர் கை வைத்து அணைத்ததுபோல் இருந்தது. முகமூடிக்குள் நான் தேம்பித் தேம்பி அழுதேன். இந்த முறை இரண்டு கண்ணும் அழுதன.

“வெறும் காத்துதானே டாக்டர் இது!” என்றேன்.

“வெறும் காத்துதான். ஒங்க ஒடம்புல ஆக்ஸிஜன் குறைஞ்சதால கொடுக்கல. சுத்தமான ஆக்ஸிஜன் வேகமா உள்ள போனா இந்த வலி அடங்குது. ஏன்னு இன்னும் முழுசாத் தெரியாது. ஆனா அடங்குது.”

மூளைக்குள் தூக்கம், விழிப்பு, பருவம் எல்லாவற்றையும் கவனிக்கிற ஒரு சின்னப் பகுதி இருக்கிறதாம். உடம்பின் கடிகாரம் அது. அங்கே ஏதோ கோளாறு நடப்பதால்தான் வலி நேரம் தவறாமல் வருகிறது என்று கருதுகிறார்கள் என்றார். வெராபமில் என்று ஒரு மாத்திரை கொடுத்தார். ரத்தக் கொதிப்புக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற மருந்துதான், ஆனால் இந்த வலி வராமல் தடுக்கவும் உதவும். இதயத் துடிப்பைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால் அளவைக் கூட்டும்போதெல்லாம் இ.சி.ஜி. எடுத்தார்கள். அது வேலை செய்யத் தொடங்க நாளாகும் என்பதால், அதுவரைக்கும் சில நாள் ஸ்டீராய்டு.

ஆக்ஸிஜனைக் கேட்டதும் செல்வராசுக்கு வந்த உற்சாகத்தைச் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலமே, “மலரு, நம்ம பட்டறையிலதான் சிலிண்டர் சிலிண்டரா நிக்குதே! ஒண்ண வீட்டுக்குக் கொண்டாந்துடறேன்” என்றார். டாக்டரிடமும் பெருமையாகச் சொன்னார். டாக்டர் ரெஜினா சிரிக்கவில்லை.

“அய்யோ, அந்த வேலையே வேணாங்க. அது இரும்பு வெட்டுறதுக்கு. மூச்சுக்கு உண்டான சுத்தம் அதுல இருக்குன்னு யாரும் பாக்குறதில்ல. ஆஸ்பத்திரி ஆக்ஸிஜன்தான் வேணும், நான் எழுதித் தர்றேன். அதையும் அடுப்புக்கும் ஒங்க பட்டறைத் தீப்பொறிக்கும் தூரமா வைக்கணும்.”

செல்வராசின் முகம் வாடிப்போனது. ஆனால் அடுத்த நாளே ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொண்டார். சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு போக, சின்னச் சக்கரம் வைத்து ஒரு வண்டி செய்து எடுத்துவந்தார். எனக்குப் பிடிக்கும் என்று நீல நிறத்தில் பெயின்ட் அடித்திருந்தார். வார்டில் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பக்கத்துக் கட்டில் அம்மா, “நல்லாருக்கு தம்பி, எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு, நான் ஏறி உக்காந்துக்கறேன்” என்றார். அரசாங்கம் வீட்டுக்கு வீடு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சியில் நாடகம் பார்க்க முடியவில்லையே என்று தினமும் புலம்பிக்கொண்டிருந்த அவர்தான், இரவில் நான் பயந்து விழித்தபோதெல்லாம், “இருக்கேன், தூங்கு” என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தவர்.

வக்கீல் புத்தி சும்மா இருக்காது. ஒரு நாள் டாக்டரிடம் கேட்டேன்: “மத்தவங்களுக்குத் தெரியாதது ஒங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?”

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். “நான் படிச்சப்போ எனக்கும் தெரியாதும்மா. தலைவலிக்கு எங்களுக்குப் பாடமே ரொம்பக் கொஞ்சம். தலைவலியால சாவு வராதுன்னு ஒரு எண்ணம். அப்புறம்தான் தலைவலிக்குன்னே நாடு முழுக்க உள்ள டாக்டர்ங்க சேர்ந்து ஒரு சங்கம் வச்சிருக்கிறது தெரிஞ்சு சேர்ந்தேன். லீவு நாள்ல வகுப்பு நடத்துவாங்க. நோயாளிய எப்படிக் கேக்கணும்னு அங்கதான் கத்துக்கிட்டேன். ‘படுப்பீங்களா, நடப்பீங்களா’ங்கிறது என் கேள்வி இல்ல. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கேட்டது.”

அந்தச் சங்கத்தைப் பற்றி அவரிடம் துருவித் துருவிக் கேட்டேன். தலைவலியில் இத்தனை வகை என்று உலக அளவில் ஒரு வகைப்பாடு இருக்கிறதாம். எங்கள் சட்டப் புத்தகம் மாதிரியே பிரிவு, உட்பிரிவு, இன்னின்ன அடையாளம் இருந்தால்தான் இன்ன நோய் என்று வரையறை. அதை இங்கே உள்ள டாக்டர்களிடம் கொண்டுபோவது சங்கத்தின் ஒரு வேலை. மாநகரத்து நரம்பியல் நிபுணர்களோடு நிற்காமல், தாலுகா ஆஸ்பத்திரியில் ஒற்றை ஆளாக இருக்கும் டாக்டருக்கும் பயிற்சி கொடுப்பது இன்னொன்று. நம் ஊர் மக்களுக்கு எந்தத் தலைவலி, எதனால் வருகிறது என்று ஆராய்வது, மருந்துகள் கிடைக்கும்படி அரசாங்கத்திடம் கேட்பது, கடையில் வலி மாத்திரையை அடிக்கடி வாங்கிப் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும் என்று மக்களுக்குச் சொல்வது எல்லாம் அவர்கள் நோக்கங்கள். கேட்கக் கேட்க எனக்கு அப்பா இருந்த விவசாயக் கூலிச் சங்கம்தான் நினைவுக்கு வந்தது. வலியை வலி என்று ஒத்துக்கொள்ள வைப்பதற்கே ஆள் சேர்த்து நிற்க வேண்டியிருக்கிறது, வயலிலும் சரி, ஆஸ்பத்திரியிலும் சரி.

வீடு திரும்பிய சில நாட்களில் வழக்கு வந்தது. மாத்திரை முழு வேகத்தில் வேலை செய்யத் தொடங்கவில்லை. வலி குறைந்திருந்தது, நிற்கவில்லை. வேறு யாரையாவது வாதாடச் சொல்லலாமா என்று செல்வராசு கேட்டார். கோவிந்தராசு அப்படிக் கேட்கவில்லை. நீல வண்டியை நீதிமன்றப் படிகளில் தூக்கி ஏற்றியவரே அவர்தான். சிலிண்டரை வக்கீல்கள் அறையில் வைத்தோம். மூத்த வக்கீல் ஒருவர் பீடி பிடிக்க அந்தப் பக்கம் வந்தபோது, கோவிந்தராசு கை எடுத்துக் கும்பிட்டு, “ஐயா, வெடிச்சிரும், வெளிய போயிருங்க” என்றார். அவர் பீடியை மறந்துவிட்டுப் போனார்.

விசாரணை அதிகாரியிடம் டாக்டரின் சான்றிதழைக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, “தேவைப்படறப்போ சொல்லுங்கம்மா, ஒத்தி வைக்க மாட்டேன், காத்திருக்கேன்” என்றார்.

காரியஸ்தர் சாம்பசிவம் கூண்டில் ஏறிய கொஞ்ச நேரத்தில் எனக்கு வலி வந்தது. கேட்டுக்கொண்டு வெளியே போனேன். முகமூடியை மாட்டிக்கொண்டு மூச்சை இழுத்தேன். திரும்பி வந்தபோது கன்னத்தில் ரப்பரின் தடம் பதிந்திருந்தது என்று பிறகு சொன்னார்கள். நான் அப்போது ஒன்றையும் நினைக்கவில்லை.

“தை மாசம் குத்தகை நெல்ல அளக்க இவங்க ஒங்களக் கூப்பிட்டாங்களா?”

“கூப்பிட்டாங்க.”

“களத்துக்குப் போனீங்களா?”

“போனேன். நெல்லு தரல.”

“வழக்கமா குத்தகை நெல்லுக்குச் சாக்கு யார் கொண்டாறது?”

“நாங்கதான்.”

“அன்னைக்கு எத்தன சாக்கு கொண்டு போனீங்க?”

அவர் சொந்தக்காரரின் வக்கீலைப் பார்த்தார். நான் காத்திருந்தேன். தலை தெளிவாக இருந்தது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று இருந்தது.

“கொண்டு போகல.”

“நெல்லு வாங்கப் போறவரு சாக்கு இல்லாம ஏங்க போனீங்க?”

சாம்பசிவம் கெட்ட மனிதர் இல்லை. அந்தக் களத்தில் முப்பது போகம் நெல் அளந்தவர். கூண்டின் கட்டையைத் தடவிக்கொண்டே, “வாங்க வேணாம்னு மேல சொல்லிட்டாங்க” என்றார்.

ஏழு குடும்பங்களையும் வெளியேற்றக் கேட்ட மனு தள்ளுபடி ஆனது. சொந்தக்காரர் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறார். அது இன்னும் முடியவில்லை, இன்னும் எத்தனை ஆட்சி மாறி முடியுமோ தெரியாது. ஆனால் அடுத்த வருஷம் கடைமடைக்குக் கால்வாய்த் தண்ணீர் வந்தபோது, அந்த வயல்களில் சம்பா நட்டவர்கள் அந்த ஏழு குடும்பத்தார்தான்.

மார்கழியில் என் வலி நின்றது. தை கழிந்ததும் தலைவலிச் சங்கம் தஞ்சாவூரிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தியது. டாக்டர் ரெஜினா முயன்று கொண்டுவந்தது அது. திருப்பனந்தாள், வேதாரண்யம், பேராவூரணிப் பக்கங்களிலிருந்தெல்லாம் டாக்டர்கள் வந்திருந்தார்கள். நோயாளி ஒருவர் பேச வேண்டும் என்று என்னை மேடையேற்றினார்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: பிடுங்கிய இரண்டு பல்லும் நல்ல பல். அவை போனது போகட்டும். இனி வருகிறவர்களிடம் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

ஒரு குறையையும் அங்கேயே சொன்னேன். வாசலில் அடுக்கியிருந்த துண்டுப் பிரசுரம் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருந்தது. “எங்க ஊர்ல இது பஜ்ஜி மடிக்கத்தான் ஒதவும்” என்றேன். அரங்கம் சிரித்தது. வடக்கிலிருந்து வந்திருந்த சங்கத் தலைவருக்கு டாக்டர் ரெஜினா மொழிபெயர்த்துச் சொன்னார். அவர் சிரிக்காமல் எழுந்து என்னிடம் வந்து, தமிழில் நீங்களே எழுதிக் கொடுங்கள், அச்சிடுகிறோம் என்றார். இந்த வலிக்கு ஊசியாகக் கொடுக்கும் மருந்து இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை, அதற்கும் மனு எழுத உதவ முடியுமா என்றும் கேட்டார். வக்கீல் என்று தெரிந்ததும் வேலை கொடுத்துவிட்டார்!

கூட்டம் முடிந்தபோது ஒரு வயதான டாக்டர் என்னிடம் வந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் சொன்னார்: “ஒங்களுக்கு சைனஸ்னு எழுதினது நான்தாம்மா.”

அப்போதுதான் அவர் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

“நாப்பது வருஷமா தலைவலின்னு வர்றவங்களப் பாக்குறேன். எத்தன பேர நடக்க விட்டேனோ தெரியல. காலையிலேந்து மொத வரிசையில உக்காந்து கேட்டேன்” என்றார். அவர் பேத்தி வயதுள்ள டாக்டர்கள் நடுவில் குறிப்பு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் மேடையிலிருந்து பார்த்திருந்தேன். கற்றுக்கொள்ள வந்தவர்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. அவரை வர வைத்த அந்தச் சங்கத்தின்மேல் என் மதிப்பு கூடியது.

ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். திடீரென்று இடி விழுந்ததுபோல் தலைவலி வந்தாலோ, காய்ச்சலோடு வந்தாலோ, கை கால் விளங்காமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று முதலில் போட்டேன். ஒரு கண்ணில் மட்டும் நீர் வழிந்து, படுக்க முடியாமல் நடக்க வைக்கும் வலி என்றால் அது பேயும் இல்லை, நடிப்பும் இல்லை, அதற்கு மருந்து உண்டு என்று அடுத்ததாகப் போட்டேன். ஆரம்ப சுகாதார நிலையங்களின் சுவர்களில் அதை ஒட்டினார்கள். சில இடங்களில் அதன்மேல் கட்சிக்காரர்கள் மாநாட்டுப் போஸ்டரை ஒட்டிவிட்டார்கள். மறுபடி ஒட்டச் சொன்னோம்.

இந்த வருஷக் கார்த்திகையில் எனக்கு வலி மறுபடி வந்தது. லேசாகத்தான். சிலிண்டரும் மாத்திரையும் தயாராக இருந்ததால் பயம் இல்லை. வந்தாலும் போய்விடும் என்பதை உடம்பு நம்பத் தொடங்கிவிட்டது. அப்படி ஒரு நாள் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. கோடியக்கரைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஒரு டாக்டர் பேசினார். தஞ்சாவூர் வகுப்புக்கு வந்திருந்தவராம்.

“மேடம், உப்பளத்துல வேலை பாக்குற அம்மா ஒருத்தங்கள இன்னைக்குத் தூக்கிட்டு வந்தாங்க. கயித்துல கட்டிக் கொண்டாந்தாங்க. நான் கட்ட அவுக்கச் சொல்லிட்டு, ஒங்க கேள்வியக் கேட்டேன். ஆக்ஸிஜன் வச்சோம். இப்ப அவங்க ஒங்ககிட்டப் பேசணுங்கிறாங்க.”

போன் கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு வாங்கும் ஒரு குரல்.

“அக்கா, நானும் நடந்துகிட்டேதான் இருப்பேன். அளத்து வெயில்ல உப்பு பளபளன்னு அடிக்கும்ல, அதுல கிறுக்கு புடிச்சிருச்சுன்னாங்க. எங்க வூட்டுக்காரரு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனாரு.”

“இப்ப எப்படிம்மா இருக்கு?”

“போயிருச்சு.” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்தேன். “அந்த எழவு வந்தா ஒரு வாய் சோறு எறங்காதுக்கா. எத்தன நாளாச்சோ. இப்ப பசிக்குது. எங்க வூட்டுக்காரர இட்லி வாங்கியாற அனுப்பிச்சிருக்கேன்.”